பதினைந்தும் முப்பதும்

பூரணி அந்த வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. பார்க்கிறவர்கள் நாற்பதைத் தாண்டிச் சொல்வார்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருந்ததில் கழுத்து ஒரு பக்கமாக இறுகிப் போயிருந்தது. சாயங்காலம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் கொஞ்ச நேரம் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். மூடிய கண்ணுக்குள்ளும் மகரந்த மணிகள் உருண்டுகொண்டிருக்கும்.

கந்தப்பளைக்கு மேலே, மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் இருந்தது அந்தச் சிறிய ஆய்வு நிலையம். தொண்ணூறாம் ஆண்டில் அங்கே பொறுப்பாக வந்த கேதீஸ்வரி, யாழ்ப்பாணத்தில் கோப்பாயைச் சேர்ந்தவர், பக்கத்துத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் கைவேகமுள்ள பெண்கள் வேண்டும் என்று கேட்டார். கண்டாக்கு ஐந்து பேரைக் கொழுந்து மலையிலிருந்து இறக்கி அனுப்பினார். கேதீஸ்வரி ஆளுக்கொரு தேயிலைப் பூமொட்டையும் ஊசியையும் கொடுத்து, உள்ளே இருக்கும் மகரந்தக் கூடுகளை நசுக்காமல் எடுத்து வைக்கச் சொன்னார். நான்கு பேர் கையில் மொட்டு கூழாகிவிட்டது. பூரணியின் முன்னால் மட்டும் கடுகை விடச் சிறிய மஞ்சள் கூடுகள் வரிசையாகக் கிடந்தன. மறுநாளிலிருந்து அவள் கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகவில்லை.

வேலை என்னவென்று கேட்டால் பூரணி மூன்று வார்த்தையில் சொல்லிவிடுவாள்: "மொட்டு உரிக்கிறேன், அவ்வளவுதான்." ஆனால் அது அவ்வளவு மட்டுமில்லை. காலையில் பழைய விதை மரங்கள் நிற்கும் காட்டுக்கு ஏறிப் போய், மிளகை விடச் சற்றுப் பெரிய மொட்டுகளை மட்டும் பறித்து வர வேண்டும். அந்த அளவில்தான் உள்ளே ஒவ்வொரு மகரந்த மணியும் இன்னும் பிரியாத ஒரே கலமாக, ஒரே உயிரணுவாக இருக்கும். இரண்டு நாள் பிந்தினால் மணி பிரிந்துவிடும். ஒரு பெரிய கலம், ஓரத்தில் ஒட்டிய ஒரு சின்னக் கலம். பெரியது குழாயாக நீளும், சின்னது சூலைத் தேடிப் போகும். அதற்குப் பிறகு அந்த மணி மகரந்தமாக இருப்பதைத் தவிர வேறொன்றுக்கும் ஆகாது.

கேதீஸ்வரிக்கு வேண்டியிருந்தது வேறு. பிரிவதற்கு முன்பே எடுத்து, குளிரில் வைத்து, பிறகு சீனியும் உப்புகளும் மருந்தும் சேர்ந்த கடற்பாசிக் கூழில் இருட்டில் வளர்த்தால், ஆயிரத்தில் ஒரு மணியாவது தன் வழியை மறந்து சரிபாதியாகப் பிரியும். சரிபாதியாகப் பிரிந்தது நான்காகும், எட்டாகும், கருவாகும், செடியாகும். தாய் தேவையில்லாத செடி.

"தேயிலை எப்பவும் கலப்புத்தான், பூரணி," என்று முதல் வருடம் அவர் விளங்கப்படுத்தியிருந்தார். "ஒரு விதையைப் போட்டால் நூறு விதமாய் முளைக்கும். ஒரு கலத்துக்குள்ள முப்பது நிறமூர்த்தம், அதுதான் குரோமோசோம், இருக்கு. மகரந்தத்தில பாதி, பதினைஞ்சு. அந்தப் பதினைஞ்சில இருந்து ஒரு செடி எடுத்து, பிறகு அதை இரட்டிப்பாக்கினால், கலப்பில்லாத செடி கையில கிடைக்கும். இல்லாட்டி அதுக்கு ஒரு மனிசற்றை ஆயுள் காணாது."

பூரணிக்கு அது விளங்கியது. விளங்காதது, அந்த ஆயிரத்தில் ஒரு மணி ஏன் ஏழு வருடமாகியும் வரவில்லை என்பதுதான்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு தடவை வந்தது போலத்தான் இருந்தது. ஒரு டியூப்பில் வெண்கட்டி கிளம்பி, பச்சையாகி, இரண்டு இலை விட்டது. நிலையத்தில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். மேலிடத்துக்குக் கடிதம் போனது. அந்தச் செடியிலிருந்து செடியாகப் பெருக்கி, பதினெட்டு மாதம் கழித்து ஒழுங்காக வேர் நுனியை எடுத்து எண்ணியபோது முப்பது இருந்தது. அது மகரந்தத்திலிருந்து வந்த செடியில்லை. மகரந்தக் கூட்டின் சுவரிலிருந்து வளர்ந்த சாதாரணத் தேயிலை. பதினெட்டு மாதமும் பூரணி அதற்குக் கூழ் மாற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கேதீஸ்வரி டியூப்புகளை எல்லாம் ஒரு வாளியில் போட்டுவிட்டுப் போய் ஜன்னலண்டை நின்றார். வாளியைக் கழுவியது பூரணி.

தொண்ணூற்றாறில் மழை பெய்யாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் மின்வெட்டு வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. கிருமி வராமல் காற்றை வடிகட்டும் பெட்டி நின்றுவிடும். பாதி உரித்த மொட்டைப் போட்டுவிட்டு எழுந்து விட வேண்டும். வாரத்தில் பாதி டியூப்புகளில் பூஞ்சணம் பிடித்தது. கேதீஸ்வரிக்கு அந்த வருடம் வேறு கவலையும் இருந்தது. போன ஐப்பசியில் சண்டையால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவருடைய தகப்பன் பரமலிங்கமும் தாயும் வன்னிக்குப் போயிருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இரண்டு மாதத்துக்கொருமுறை நான்கு வரிக் கடிதம் வரும். கடிதம் வந்த நாளிலும் அவர் வேலை செய்வார், வராத நாளிலும் செய்வார். இரண்டு நாளுக்கும் முகத்தில் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை பூரணி வந்து பார்த்தபோது வளர்ப்பு அலுமாரி கொதித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்த வேகத்தில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி இறுகியிருக்க வேண்டும். உள்ளே இருபத்தைந்து பாகைச் சூடு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்து நான்கு காட்டியது. நூற்றி நாற்பது டியூப்புகள். கேதீஸ்வரி கதவைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"எல்லாத்தையும் கழுவும், பூரணி. புதுசா வைப்பம்."

பூரணி டியூப்புகளைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். ஆனால் வீசுவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு கூடுகளைக் கண்ணாடித் துண்டில் வைத்து, சிவப்புச் சாயம் விட்டு, நசுக்கி நுணுக்குக்காட்டியில் பெரிதாக்கிப் பார்ப்பது அவள் வழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. கழுவுகிற வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட அது ஒரு சாக்கு.

ஆறாவது துண்டில் நின்றாள்.

மணிகள் பெரும்பாலும் செத்துச் சுருங்கியிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் உருண்டு திரண்டிருந்தது. அதற்குள் நட்ட நடுவே ஒரு கோடு. கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவில் இரண்டு கலம். பக்கத்தில் இன்னொன்று. அதில் நான்கு.

அவள் எழுந்து போய்க் கூப்பிடவில்லை. துண்டு அசைந்து இடம் தவறிவிடும் என்று பயந்து, கண்ணை எடுக்காமலே, "மிஸ், இங்க கொஞ்சம் வாங்க" என்றாள்.

கேதீஸ்வரி வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பூரணியின் தோளில் கையை வைத்து, "டியூப்புகளைக் கழுவிப்போட்டீரோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க மிஸ். அப்படியேதான் இருக்கு."

அந்த அலுமாரியின் சூட்டை அவர்கள் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. ஆயிரக்கணக்கில் மொட்டு உரித்தாள் பூரணி. இரண்டாகப் பிரிந்தது வந்தது. நான்கும் வந்தது. ஒரு தடவை ஒன்பது கலங்கள் வரை ஒரு மணிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அதற்கு மேல் போகவில்லை. கூழை மாற்றினார்கள், சீனியைக் கூட்டினார்கள், மருந்தைக் குறைத்தார்கள். ஒன்பதோடு நின்று, மஞ்சளாகி, செத்தன. அவை ஒவ்வொன்றும் சாவதை அவள் எண்ணிக் குறித்து வைத்தாள்.

முதல் கொதித்த நூற்றி நாற்பது டியூப்புகளில் ஒன்றில் மட்டும் சாகாமல் ஒரு வெண்கட்டி கிளம்பியது. மார்கழியில் அது பச்சையானது. அடுத்த ஆவணியில் வேர் விட்டது.

அதே ஆவணியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு வந்து, இந்த ஆய்வைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும். அவர்கள் வருவதாகச் சொன்ன வியாழக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. கேதீஸ்வரி அன்றே வேர் நுனிகளை வெட்டி, சாயமேற்றி, தானே நசுக்கி, பதினொரு கண்ணாடித் துண்டுகள் செய்தார். மத்தியானம் வெளியே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதினைஞ்சு," என்றார். "எண்ணிப்போட்டன். பதினைஞ்சு."

பூரணிக்குச் சந்தோஷத்தை விட, உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது. உட்கார்ந்தாள்.

"ஆய்வு தொடரும் எண்டால் உம்மட நிரந்தர நியமனத்தையும் சேர்த்துக் கேட்கிறன். ஏழு வருசமாய்த் தற்காலிகம் எண்டு வைச்சிருக்கிறது போதும்."

நிரந்தரமானால் நிலையத்தின் பின்னாலிருக்கும் குவார்ட்டர்சில் இரண்டு அறை கிடைக்கும். இப்போது பூரணியும் அவள் புருஷன் அழகுமுத்துவும் இரண்டு பிள்ளைகளும், அழகுமுத்துவின் தங்கை குடும்பமும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையான ஒரே லயக் காம்பிராவில் நடுவே சாக்குத் தட்டி கட்டிக் குடியிருந்தார்கள். அன்று வீட்டில் சொன்னபோது அழகுமுத்து, எதை முதலில் தூக்கிக்கொண்டு போவது என்பது போல ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கேதீஸ்வரி நுவரெலியாவுக்கு அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுக்கப் போயிருந்தார். பூரணி மேசையைத் துடைத்தாள். பதினொரு துண்டுகளும் தட்டில் இருந்தன. நுணுக்குக்காட்டியின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து, முதல் துண்டை வைத்தாள். அந்தப் பதினைந்தைத் தானும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் வைத்தாள்.

மூன்றாவது துண்டில் அது இருந்தது. பதினைந்து கறுத்த புள்ளிக் கோடுகள், தெளிவாக. ஆனால் அந்தக் கலத்தின் ஓரம் கிழிந்திருந்தது. விரலால் நசுக்கும்போது கிழிந்த வழியே பாதி வெளியே வழிந்திருக்கலாம். அவள் துண்டை நகர்த்தினாள். அடுத்த கலம் முழுதாக இருந்தது. எண்ணினாள். முப்பது. அடுத்தது. முப்பது. ஒன்று இருபத்தொன்பதாக வந்தது, திரும்ப எண்ணியபோது ஒன்றின் மேல் ஒன்று கிடந்தது தெரிந்தது. மத்தியானச் சோற்றை அவிழ்க்காமலே பதினொரு துண்டையும் பார்த்து முடித்தாள். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே தட்டில் அடுக்கி, துணியைப் போட்டு மூடினாள்.

சாயங்காலம் ரொட்டிக்கு மாவு பிசையும்போது அழகுமுத்து கேட்டான். "என்ன ஒரு மாதிரி இருக்க?"

"ஒன்னுமில்ல."

அவன் விறகை உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருந்தான். அவள் சொன்னாள்.

"மிஸ் எண்ணியாச்சு. படிச்சவங்க எண்ணியாச்சு. நீ எதுக்குத் திரும்ப எண்ணுன?"

"பார்க்கணும்னு இருந்துச்சு. பார்த்தேன்."

"அவங்க தப்பா எண்ணுனா அது அவங்க தப்பு. ஒன்னைய யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்புறம் என்ன?"

பூரணி மாவை உருட்டி வைத்தாள். கோபமில்லை, அழுகையுமில்லை. சொல்வதற்குக்கூடக் களைப்பாக இருந்தது.

"இது பொய்யின்னா ரெண்டு வருசம் கழிச்சு, மூணு வருசம் கழிச்சுத் தெரியும். தெரியாம இருக்காது. அதுவரைக்கும் அந்தச் செடிய வெட்டி வெட்டிப் பெருக்கி, கூழ் மாத்தி, வளர்த்துக்கிட்டு இருக்கணும். அத நான்தான் செய்யணும். முன்ன தெரியாம செஞ்சேன். தெரிஞ்சுக்கிட்டு என்னால முடியாது."

அழகுமுத்து ஒரு கொள்ளியை வெளியே இழுத்து நெருப்பைத் தணித்தான். சாக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் தங்கையின் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்த வீடு வேணும்," என்றான். பிறகு, "சரி. ஒன் இஷ்டம்" என்று எழுந்து வெளியே போனான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கேதீஸ்வரி வந்ததும் பூரணி மொட்டுப் பறிக்கப் போகாமல் நின்றாள்.

"மிஸ், அந்தச் சிலைடெல்லாம் நான் பார்த்தேங்க."

கேதீஸ்வரி கைப்பையை மேசையில் வைத்தார். "எத்தனை கலம் எண்ணினீர்?"

"இருபத்தி ரெண்டுங்க. பத்தொம்பது தெளிவா இருந்துச்சு. எல்லாமே முப்பதுங்க."

"நான் பார்த்த கலம்?"

"அதுவும் இருக்கு. ஓரம் கிழிஞ்சிருக்குங்க."

கேதீஸ்வரி நுணுக்குக்காட்டிக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணுக்குக் கீழே தோல் நீலமாகியிருந்ததைப் பூரணி அப்போதுதான் கவனித்தாள்.

"கிழிஞ்சதை நானும் கண்டனான்," என்றார். "அண்டைக்கே கண்டனான். அதுக்குப் பிறகு மற்றக் கலங்களைப் பார்க்கேல்லை. பார்த்தால் முப்பது வரும் எண்டு தெரியும். தெரியாத ஆளாய்க் கொஞ்ச நாள் இருந்துபார்த்தன்."

பூரணி நுணுக்குக்காட்டியின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

"பொய் சொல்லவேணும் எண்டு இல்லை, பூரணி. களைச்சுப் போனன். ஒரு தரமாவது ஓமெண்டு ஒண்டு வரட்டும் எண்டு இருந்தது."

"தெரியுதுங்க மிஸ்."

"இதைச் சொன்னால் உம்மட நியமனமும் போகும். யோசிச்சனீரோ?"

"யோசிச்சேங்க. எங்க வீட்டுல அவரும் சொன்னாரு."

"பிறகு ஏன் சொன்னனீர்?"

பூரணி கழுத்தைத் தடவிக்கொண்டாள். "இன்னொரு தடவ அதச் செய்ய எனக்குத் தெம்பில்லைங்க."

கேதீஸ்வரி சிரிப்பது போல ஏதோ செய்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, தட்டச்சுக்குக் கொடுத்த அறிக்கையை நிறுத்தச் சொல்லித் தொலைபேசி எடுத்தார். அதற்குப் பிறகு நுணுக்குக்காட்டியின் முன் உட்கார்ந்து, மாலை வரை பதினொரு துண்டையும் ஒழுங்காக எண்ணினார். பூரணி பக்கத்திலிருந்து எழுதினாள்.

வியாழக்கிழமை மூன்று பேரும் ஜீப்பில் வந்தார்கள். கேதீஸ்வரி அவர்களுக்குச் செடியைக் காட்டி, இது கூட்டின் சுவரிலிருந்து வந்தது, எமக்கு வேண்டியதல்ல என்று முதலிலேயே சொன்னார். பிறகு சரிபாதியாகப் பிரிந்த மணிகளைக் காட்டினார். சூடுதான் அதைச் செய்தது என்றும், ஒன்பது கலத்துக்கு மேல் ஏன் போகவில்லை என்று தெரிய இன்னும் மூன்று வருடம் வேண்டும் என்றும் சொன்னார். நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் குனிந்து நுணுக்குக்காட்டியில் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "அழகாக இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். மற்ற இருவரும் அந்த மணிகளிலிருந்து வந்த செடி எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒரு செடி இல்லை என்றார் கேதீஸ்வரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

புரட்டாசிக் கடைசியில் முடிவு வந்தது. டிசம்பரோடு ஆய்வு நிறுத்தம். கருவிகள் வேறு நிலையத்துக்கு. கேதீஸ்வரிக்கு மாத்தறைப் பக்கம் மாற்றம். பூரணியைக் கீழே நாற்று மேடைக்கு மாற்றலாம், தற்காலிகமாகவே.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, ஆயிரத்துச் சொச்சம் டியூப்புகளைக் கழுவிக் கட்ட வேண்டியிருந்தது. பூரணி தொட்டியில் சுடுநீர் நிரப்பும்போது கேதீஸ்வரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க வேணாம் மிஸ். நான் பார்த்துக்கிறேன்."

"தனிய எப்ப முடிப்பீர்? தாரும் அந்த பிரஷை."

இருவரும் கழுவினார்கள். பழைய கூழைக் கம்பியால் கிண்டி எடுப்பது, சவர்க்காரத் தண்ணீரில் பிரஷ் போடுவது, அலசுவது, கவிழ்ப்பது. கேதீஸ்வரிக்கு அது பழக்கமில்லை. அரை மணியில் விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கிவிட்டன. இரண்டு டியூப்பை உடைத்தார்.

"அப்பாவிட்டையிருந்து கடிதம் வந்தது," என்றார் நடுவில். "மல்லாவியில இருக்கினம். அம்மாவுக்கு மலேரியா வந்து சுகமாம்."

"நல்லதுங்க மிஸ்."

"ஓம்."

கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி அறிக்கையில சரிபாதிப் பிரிவை முதல் கண்ட ஆள் எண்டு உம்மட பேரைப் போட்டிருக்கிறன்" என்றார்.

பூரணி கையை நிறுத்தினாள். "பேரு போட்டா யாராச்சும் வந்து ஏதாவது கேப்பாங்களா மிஸ்?"

"ஒருத்தரும் கேட்கமாட்டினம். அதை ஆர் எடுத்து வாசிக்கப் போகினம்?"

அது இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பை வரவழைத்தது. பெரிய சிரிப்பில்லை. தொட்டி நீர் ஆறிப்போயிருந்தது. பூரணி எழுந்து போய் இன்னொரு கேத்தல் சுடுநீர் கொண்டுவந்தாள்.

மூன்று மணிக்கு முடிந்தது. கேதீஸ்வரிக்கு பஸ் நாலரைக்குத்தான். கட்டடத்தின் மேற்குப் பக்கத்துப் படியில் கொஞ்சம் வெயில் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் அதில் போய் உட்கார்ந்தார்கள். கேதீஸ்வரி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். பூரணி அவரை எழுப்பவில்லை. பஸ் சத்தம் வளைவில் கேட்டபோதுதான் தோளைத் தொட்டாள்.

ஜனவரியிலிருந்து பூரணி நாற்று மேடையில் தேயிலைத் துண்டங்களைப் பைகளில் நட்டுக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டு செய்கிற வேலை. அழகுமுத்து வீட்டைப் பற்றி ஓராண்டு வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு பழையபடி பேசினான். நான்கு வருடம் கழித்து, தற்காலிகக்காரர்கள் எல்லோரையும் நிரந்தரமாக்கும் ஒரு பொதுச் சுற்றறிக்கையில் அவளுக்கும் நியமனம் கிடைத்தது. நாற்பத்தோரு பேரோடு வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டு, மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வந்து மிச்சப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.